ஆக்டேவியா ஆர்எஸ்: தொழிற்சாலை கொடுத்தபடியே ஓட்டுவதா, பந்தய இன்ஜினாக மாற்றுவதா?

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரின் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது 1,984 சிசி டர்போ பெட்ரோல் இன்ஜின். டர்போ என்பது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி. ஃபோக்ஸ்வேகன் குழுமம் அதற்கு வைத்த குறியீடு இஏ888. 2017-இல் இந்தியாவில் விற்ற ஆர்எஸ்ஸில் அது 230 குதிரைத்திறன் தந்தது. 2020-இல் வந்த ஆர்எஸ்245-இல், பெயரில் உள்ளபடியே, 245. இதே குடும்பத்து இன்ஜின்தான் கோல்ஃப் ஜிடிஐ டிசிஆர், ஆடி ஆர்எஸ்3 எல்எம்எஸ் ஆகிய பந்தயக் கார்களில் 350 குதிரைத்திறன் வரை போனது. இடையில் கிடக்கும் அந்த நூற்றுச் சொச்சம் குதிரைகள்தான் என் அக்கா மகனின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன.

அவன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஒரு பழைய ஆர்எஸ் வாங்கி மார்த்தாண்டத்து வீட்டில் நிறுத்துவது என்று தீர்மானித்துவிட்டான். அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது, நல்ல கார். வாங்கிய பிறகு அதை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. “மாமா, இன்ஜின் பிளாக் ஒன்றுதானே? டர்போவையும் சாஃப்ட்வேரையும் மாற்றினால் பந்தயக் கார் இன்ஜின் நம் வாசலில் நிற்குமே” என்கிறான். அப்படியே வைத்துக்கொள்வது, இன்ஜினை ஆளும் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றுவது, பந்தயக் காரின் வழியில் முழுதாக இறங்குவது என்று மூன்று பாதைகள் அவன் முன் இருக்கின்றன. நம் குமரி மாவட்டத்தில் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வேறு சிலரையும் எனக்குத் தெரியும் என்பதால், அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் டிசிஆர் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். 2015-இல் தொடங்கிய பந்தய வகை அது. கடையில் விற்கும் காரை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும், முன்சக்கரம் மட்டுமே இழுக்க வேண்டும், டர்போ இன்ஜின் இரண்டு லிட்டருக்குள் இருக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படை விதிகள். செலவைக் கட்டுக்குள் வைப்பதற்காகவே இன்ஜினை விற்பனைக் காரின் இன்ஜினுக்கு நெருக்கமாக வைத்திருக்கிறார்கள். எந்தக் காரும் மற்றதை விட்டுத் தப்பித்து ஓடிவிடாமல் இருக்க, போட்டியை நடத்துபவர்கள் ஒவ்வொரு காரின் பூஸ்ட் அழுத்தத்தையும் (டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம்) எடையையும் அவ்வப்போது மாற்றி அமைப்பார்கள். ஆகவே 350 என்பது அந்த இன்ஜினால் முடிந்த உச்சம் அல்ல. பந்தயக் குழு வாங்கக்கூடிய விலையில், நம்பி ஓட்டக்கூடிய அளவில், விதிக்குள் நிற்கிற எண் அது. இதைக் கேட்டதும் மருமகனுக்கு இன்னும் உற்சாகம் கூடிவிட்டது என்பது வேறு விஷயம்.

இப்போது எண்களுக்கு வருவோம். குதிரைத்திறனை மட்டும் பார்க்கிறவர்கள் தவறவிடும் ஒன்று இங்கே இருக்கிறது. 230 குதிரை ஆர்எஸ்ஸின் டார்க் (சுழற்றும் விசை) 350 நியூட்டன் மீட்டர். பந்தய கோல்ஃபின் டார்க் 420. அதாவது, குதிரைத்திறன் பாதிக்கு மேல் கூடியிருக்கிறது. டார்க்கோ ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. மீதிக் குதிரைகள் எங்கிருந்து வந்தன?

சுற்று வேகத்திலிருந்து வந்தன. டார்க்கை இன்ஜினின் சுற்று வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் குதிரைத்திறன். ஆர்எஸ் இன்ஜின் தன் 350 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே எட்டிவிடுகிறது. 4,600 வரை அதை அப்படியே பிடித்துக்கொண்டு போகிறது. அங்கே கணக்குப் போட்டால் சரியாக 230 குதிரை வரும். அதற்கு மேல் சிறிய டர்போவால் போதிய காற்றைத் தள்ள முடியாது; டார்க் இறங்கத் தொடங்குகிறது. 6,200 சுற்றில் அதே 230 குதிரை இருந்தாலும் டார்க் 260-க்கு வந்துவிட்டிருக்கும். 350 குதிரை இன்ஜினோ அதே 6,200 சுற்றில் ஏறக்குறைய 395 நியூட்டன் மீட்டரைக் கையில் வைத்திருக்க வேண்டும். வித்தியாசம் முழுவதும் மேலே இருக்கிறது. அடியில் இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை. சொல்லப்போனால், பெரிய டர்போவின் கனமான சக்கரம் சுழன்று வேகமெடுக்க நேரம் பிடிக்கும் என்பதால், 1,500-க்கும் 2,500-க்கும் இடையே விற்பனைக் கார்தான் முந்தி நிற்கும்.

பந்தயத் தடத்தில் 4,000 சுற்றுக்குக் கீழே யாரும் இறங்குவதில்லை. எனவே அவர்களுக்கு இது நல்ல பேரம்.

நம் பக்கம் எப்படி? நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். பார்வதிபுரம் தாண்டினால் வில்லுக்குறி, பிறகு தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், குழித்துறை. ஓர் ஊர் முடிகிற இடம் தெரியாமலே அடுத்த ஊர் தொடங்கிவிடும். கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள், நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒதுங்கும் பேருந்துகள், வீட்டு வாசலிலிருந்து நேராகச் சாலைக்கு இறங்கும் ஸ்கூட்டர்கள். இந்தப் பாதையில், தானாகவே கியர் மாற்றும் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் பெரும்பாலும் இன்ஜினை 1,400-இலிருந்து 2,000 சுற்றுக்குள் வைத்திருக்கும்.

ஒரு முந்தலை மட்டும் கூர்ந்து பாருங்கள். முன்னால் லாரி. எதிரே சாலை ஒரு வளைவு வரை காலியாக இருக்கிறது. கிடைத்திருப்பது சில விநாடிகள். ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள். அப்போது இன்ஜின் 1,800 சுற்றில் இருக்கிறது. சிறிய டர்போ உடனே விழித்துக்கொள்ளும். கியர்பாக்ஸ் கீழ் கியருக்கு இறங்கி முடிப்பதற்குள் கார் நகரத் தொடங்கிவிடும். லாரியின் பின்சக்கரத்துக்கு இணையாக வரும்போதே பிடித்துத் தள்ளும் வேகம் வந்துவிடும், அதன் முகப்பைத் தாண்டி இடப்பக்கம் ஒதுங்கிவிடலாம். பெரிய டர்போ போட்ட காரில் அதே அழுத்தலுக்கு முதலில் ஒரு தயக்கம், பிறகு ஒரு சீற்றம். அந்தச் சீற்றம் வரும் நேரத்தில் நீங்கள் லாரிக்குப் பக்கவாட்டில் இருப்பீர்கள், வளைவில் எதிரே பேருந்தின் நெற்றி தெரியும். பந்தய ஓட்டுநருக்கு எந்த வளைவில் எந்த கியர் என்பது முன்கூட்டியே தெரியும். டர்போவை விழிப்பாக வைத்துக்கொண்டே வருவார். தக்கலையில் அதற்கு வழியில்லை.

“அப்படியானால் ஆரல்வாய்மொழி பக்கம்?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். காவல்கிணறு தாண்டித் திருநெல்வேலி நோக்கி நான்குவழிச் சாலையில் ஏறினால் மேல் சுற்றுகளைத் தொட்டுப் பார்க்க இடம் கிடைக்கும். ஆனால் 230 குதிரை ஆர்எஸ்ஸே நூறு கிலோமீட்டர் வேகத்தை 6.8 விநாடிகளில் எட்டிவிடும் என்கிறது தயாரிப்பு நிறுவனம். சட்டம் அனுமதிக்கிற வேகம் அங்கேயே தீர்ந்துபோகிறது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் கணவாய்க் காற்று காரின் பக்கவாட்டில் அறையும்போது, இன்னும் 120 குதிரை வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஸ்டீயரிங்கை இறுகப் பிடிக்கத்தான் தோன்றும். நடுத்திட்டின் இடைவெளியில் ஆடு மாடுகளோடு ஆட்கள் கடப்பதை வேறு சொல்ல வேண்டியதில்லை.

சரி, “பிளாக் ஒன்றுதானே” என்ற வாதத்துக்கு வருகிறேன். பாதி உண்மை. இஏ888-இன் வார்ப்பிரும்பு பிளாக் உறுதியானது என்று பெயரெடுத்தது. அதனால்தான் உலகம் முழுவதும் டியூனிங் செய்பவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். ஆனால் இதே இன்ஜினை 300 குதிரையோடு கோல்ஃப் ஆர் காரில் வைத்தபோது, தொழிற்சாலை வெறும் டர்போவை மட்டும் மாற்றி அனுப்பிவிடவில்லை. ஐஎஸ்20 டர்போவின் இடத்தில் பெரிய ஐஎஸ்38 வந்தது, பிஸ்டன் மாறியது, சிலிண்டரில் காற்றை நசுக்கும் அழுத்த விகிதத்தை 9.6-இலிருந்து 9.3-ஆகக் குறைத்தார்கள். டர்போ அதிகக் காற்றைத் திணிக்கும்போது சிலிண்டருக்குள் வெப்பமும் அழுத்தமும் எகிறும், பெட்ரோல் தன் முறை வருவதற்கு முன்பே வெடிக்கப் பார்க்கும். அதற்கு இடம் விடத்தான் இந்த மாற்றங்கள். தயாரித்தவனே 300-க்கு இவ்வளவு மாற்றியிருக்கும்போது, ஐஎஸ்38-ஐ மட்டும் கழற்றி வந்து நம் ஆர்எஸ்ஸில் மாட்டுவது பாதி வேலைதான். செய்கிறார்கள், ஓடவும் ஓடுகிறது. எத்தனை காலத்துக்கு என்பதை பிஸ்டன்தான் சொல்ல வேண்டும்.

இந்த இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 92.8 மில்லிமீட்டர். 2,000 சுற்றில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு ஆறு மீட்டர் சொச்சம். 6,200 சுற்றில் அது 19 மீட்டரைத் தாண்டுகிறது. பந்தயக் குழு இதைத் தெரிந்தேதான் செலவழிக்கிறது. இத்தனை கிலோமீட்டர் ஓடினால் இன்ஜினை இறக்கிப் பிரித்துப் பார்ப்பது என்பது அவர்களின் அட்டவணையிலேயே இருக்கும். ஓட்டத்துக்கு ஓட்டம் எண்ணெய், பிளக், கிளட்ச் எல்லாவற்றையும் கவனிக்க ஆட்கள் இருப்பார்கள். ஆடி ஆர்எஸ்3 எல்எம்எஸ் 2016-இல் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை, வரி நீங்கலாக, 1,29,000 யூரோ. அதில் வரிசைமுறை பந்தய கியர்பாக்ஸ் இருந்தது. சாலைக் காரின் டிஎஸ்ஜியோடு வந்த மலிவுப் பதிப்பு 99,000 யூரோ. இரண்டுக்கும் நடுவே 30,000 யூரோ! பந்தயக் காரில் விலையும் உழைப்பும் எங்கே போகின்றன என்பதற்கு இந்த ஓர் இடைவெளியே போதும்.

கியர்பாக்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2017 ஆர்எஸ்ஸில் இருப்பது ஆறு கியர் கொண்ட டிக்யூ250. எண்ணெயில் மூழ்கிய கிளட்ச். நம் நெரிசலுக்கு ஏற்றது. அதன் தாங்குதிறனாகச் சொல்லப்படுவது 350-இலிருந்து 400 நியூட்டன் மீட்டர் வரை. இன்ஜினே 350 தருகிறது என்றால் மிச்சம் எவ்வளவு என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். சாஃப்ட்வேர் மட்டும் மாற்றினாலே டார்க் 400-ஐத் தாண்டிவிடும். அப்போது கியர்பாக்ஸின் சாஃப்ட்வேரையும் சேர்த்து மாற்ற வேண்டும். கிளட்ச் தேய்வதை அது தள்ளிப்போடும், தவிர்க்காது.

வெப்பத்தையும் பெட்ரோலையும் பற்றி. நம் மாவட்டம் சென்னையைப் போல் கொதிக்காது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் எட்டிப் பார்க்கும் இடம். இங்கே தொல்லை நெரிசலில் நிற்பதுதான். இன்ஜின் தகவலைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவி ஒன்றைக் காரில் செருகி, கைப்பேசியில் இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே கடைத்தெருவில் ஊர்ந்து பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போகும். டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு வெளிக்காற்று வேண்டும். காற்று வர கார் ஓட வேண்டும். சூடான காற்று உள்ளே போனால் கணினி பற்றவைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி இன்ஜினைக் காப்பாற்றும். காப்பாற்றும்போது குதிரைகளைக் குறைத்துவிடும். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய கூடுதல் குதிரைகள்தான் முதலில் போகும்.

பெட்ரோலும் அப்படித்தான். இங்கே பம்பில் சாதாரணமாகக் கிடைத்த பெட்ரோலுக்குப் பிஎஸ்6 புகை விதி கேட்டது 91 ஆக்டேன். ஆக்டேன் என்பது பெட்ரோல் முந்தி வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் அளவு.  எத்தனால் கலப்பு ஆக்டேனைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றலைக் குறைக்கும். 2017-இல் வந்த காரின் எரிபொருள் குழாய்களும் சீல்களும் 20 சதவீத எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பூஸ்டைக் கூட்டிய இன்ஜினுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே தரமான பெட்ரோல் வேண்டும். பேச்சிப்பாறைக்குப் போய்த் திரும்பும் வழியில் குலசேகரத்தில் முள் சிவப்பைத் தொட்டால், கிடைத்த பம்பில் கிடைத்ததைத்தான் போடுவோம். தொழிற்சாலை சாஃப்ட்வேர் அதைச் சகித்துக்கொள்ளும் அளவுக்கு விளிம்பு விட்டு எழுதப்பட்டது. டியூனிங் செய்பவர் விற்பது அந்த விளிம்பைத்தான்.

கடற்காற்றைப் பற்றி ஒரு வரி: முட்டம், குளச்சல் பக்கம் கார் நிறுத்துகிறவர்கள், வெளியில் திறந்து கிடக்கும் பெரிய இன்டர்கூலரும் பளபளக்கும் இரும்பு இணைப்புகளும் உப்பில் என்ன ஆகும் என்பதைத் தங்கள் வீட்டு ஜன்னல் கம்பியிடம் கேட்கலாம்.

சட்டத்தை நம் பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. டிஎன்-75 பதிவெண்ணோடு களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போகிறவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். வாகன மாற்றங்களைப் பிடிப்பதில் அங்கே கெடுபிடி அதிகம். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம், விபத்து நடந்த பிறகு காப்பீட்டுக்காரர் காரைப் பரிசோதித்து, இன்ஜின் மாற்றத்தைக் காட்டிக் கையை விரித்தால் அதற்கு என்ன செய்வது?

ஆகவே மூன்றாவது பாதையை, பந்தயக் காரின் வழியில் முழுதாக இறங்குவதை, நான் ஒரேயடியாக நிராகரிக்கிறேன். பெரிய டர்போ, பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிளட்ச், இன்டர்கூலர், எரிபொருள் பம்ப் எல்லாம் சேர்ந்தால் பழைய ஆர்எஸ்ஸின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும். கிடைப்பதோ இந்தச் சாலைகளில் பயன்படாத மேல்சுற்று வலிமை. அதை அமைத்துப் பராமரிக்கத் தெரிந்த பட்டறையும் பக்கத்தில் இல்லை. சின்னக் கோளாறு என்றாலும் காரை லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டாவது பாதை அப்படியல்ல. அதைப் பற்றி எனக்கே அரைமனம் உண்டு. சாஃப்ட்வேர் மாற்றம் சிறிய டர்போவையே வைத்துக்கொள்கிறது. அடிச்சுற்று வேகம் குறைவதில்லை, நடுச்சுற்றில் இழுப்பு தெளிவாகக் கூடுகிறது. முந்தும்போது அது பயன்படவே செய்யும். நேர்மையாகச் சொன்னால், இந்தக் காரில் கொடுக்கும் ரூபாய்க்கு அதிக மகிழ்ச்சி தருவது அதுதான். சட்டமும் காப்பீடும் அங்கேயும் துரத்தும் என்பதுடன், கியர்பாக்ஸின் மிச்சத் தாங்குதிறன் தீர்ந்துபோவதுதான் என்னைத் தடுக்கிறது. பழைய காரில் முன்னவர் எப்படி ஓட்டினார் என்பது நமக்குத் தெரியாது. டிஎஸ்ஜி எண்ணெய் உரிய காலத்தில் மாற்றப்பட்ட ரசீது கையில் இல்லாத காரில் டார்க்கைக் கூட்டுவது வம்பை விலைகொடுத்து வாங்குவது.

அந்தப் பணத்தை வேறு இடத்தில் போடச் சொன்னேன். நல்ல டயர் நான்கு, தரமான பிரேக் பேட், புதிய பிரேக் ஆயில். மழையில் அழகியமண்டபம் இறக்கத்தில் காரை நிறுத்துவது இவைதான். இந்த இன்ஜினில் பலரும் சொல்லும் நோயான பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் கூட்டிலிருந்து குளிர்நீர் கசிவதை முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்வதற்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். மிஞ்சியதில் கோவை செட்டிபாளையத்திலுள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கோ போய் முறையான பயிற்சி எடுக்கலாம். முதலாவது 2.1 கிலோமீட்டர் தடம், இரண்டாவது 3.7 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து கோவை 400 கிலோமீட்டருக்கு மேல். இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய 700. அங்கே வாடகைக்குக் கிடைக்கும் ஃபார்முலா எல்ஜிபி காரில் டர்போ கிடையாது, மாருதி இன்ஜின்தான். வளைவில் அது கற்றுத்தருவதை 350 குதிரை கற்றுத்தராது. மருமகன் முகம் சுளித்தான். தடத்தில் ஒரு முறை இறங்கினால் சுளிப்பு போய்விடும்.

இனி மிஞ்சுவது 230-ஆ, 245-ஆ என்பது. ஆர்எஸ்245 இந்தியாவுக்கு 200 கார்கள் மட்டுமே வந்தது. அப்போதைய ஷோரூம் விலை 35.99 லட்சம். 2017 ஆர்எஸ் 24.62 லட்சத்துக்கு வந்தது. 245-இல் டார்க் 370, ஏழு கியர் கொண்ட புதிய டிக்யூ381, வளைவில் முன்சக்கரம் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் மின்னணு டிஃபரன்ஷியல். தாங்குதிறன் 420 நியூட்டன் மீட்டர் என்று சொல்லப்படும் அந்த கியர்பாக்ஸுக்காகவே 245-ஐ எடுக்கலாம். ஆனால் அதன் சக்கரம் 18 அங்குலம், டயரின் பக்கச்சுவர் மெல்லியது. தொழிற்சாலை 17 அங்குலத்தோடு அனுப்பிய 230, வில்லுக்குறிக்கும் தக்கலைக்கும் இடையிலுள்ள குழிகளில் ரிம் வளையாமல் தப்பிக்க இன்னும் கொஞ்சம் வாய்ப்புள்ள கார். உதிரிப் பொருளும் அதற்கு எளிதில் கிடைக்கும். இரண்டும் ஒரே நிலைமையில், ஒழுங்கான சர்வீஸ் ரசீதுகளோடு கிடைத்தால் 245-ஐயே எடு என்றேன். கிடைக்காவிட்டால் நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட 230 போதும். 245-க்காக இன்னொரு விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம்.